மூன்றாவது போர்ட்

ரயில் பெட்டிகளில் காமிராக்களை இணைக்கும் அந்தக் கருவி குளிர்ந்த காலைகளில் மட்டும் மக்கர் பண்ணியது. காமிரா வயர்களைச் செருகும் ஐந்து போர்ட்டுகளில் நான்கு உயிர் பெறும். மூன்றாவது செத்துக் கிடக்கும். கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை வடிவமைத்தவன் அவள் கணவன். பழி அவன் தலையில் விழுந்தது. வேலையை விட்டு அனுப்பியவர் வேறு யாருமில்லை, மேனேஜர். அவனுடைய அக்கா வீட்டுக்காரர். அவனை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவரும் அவரே.

போர்டை மாற்ற நேரமில்லை. சாஃப்ட்வேரில் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கச் சொல்லிக் கருவியை, அதே கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதும் அவளிடம் தள்ளிவிட்டார்கள்.

அதைக் குளிர் அறைக்குள் வைத்து, கதவிடுக்கு வழியே வயரை இழுத்து, லேப்டாப்போடு வெளியே உட்கார்ந்தாள். போர்ட்டுகளை இயக்கும் சுவிட்ச் சிப்பை எழுப்பி வேலை வாங்குகிற டிரைவர், நெடுநாளாக யாரும் கை வைக்காத புரோகிராம். எங்கே சறுக்குகிறது என்று பார்க்க, அடிக்கொரு செய்தி திரையில் வரும்படி செய்தாள். கருவி சமர்த்தாக ஓடியது. செய்திகளை எடுத்தாள், மூன்றாவது போர்ட் படுத்துக்கொண்டது. திரும்பப் போட்டாள், எழுந்துகொண்டது. ஆள் வந்தால் மட்டும் புத்தகத்தை விரிக்கிற பிள்ளை மாதிரி நடிக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாப்பாட்டுக்குக் கை கழுவும்போதுதான் பொறி தட்டியது. செய்தி எழுத ஆகும் அந்தக் கண நேரத் தாமதம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

ரீசெட் ஆன சிப் கண் விழிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். குளிரில் இன்னும் கொஞ்சம். டிரைவர் அதற்குள் கட்டளைகளைக் கொட்டிவிட்டு, சிப் வாங்கிக்கொண்டதா என்றுகூடப் பார்க்காமல் நகர்ந்துவிடுகிறது. முதலில் போகிற மூன்றாவது போர்ட்டின் கட்டளை மட்டும் தொலைந்துபோகிறது. போர்டில் ஒரு குறையும் இல்லை. சிப் தயார் என்று சொல்லும்வரை காத்திருக்கும்படி மாற்றினாள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் ஐந்தும் எழுந்தன.

அந்த டிரைவரை எழுதியவர் மேனேஜர்.

"அண்ணா, தப்பு போர்டுல இல்ல. டிரைவர்ல."

அவர் திரையைப் பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார். "அது நான் எப்பவோ வேற சிப்புக்கு எழுதினதும்மா. யாரு இதுல கொண்டுவந்து போட்டாங்களோ."

"நீங்கதான் போடச் சொன்னீங்க."

"சரி, இப்ப ஓடுதில்ல? அதோட விடு. கிளறினா உன் வேலைக்கும் சேர்த்து உலை. ஒரே வீட்ல ரெண்டு பேரும் சும்மா உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

மறுநாள் ரயில்வே ஆட்கள் வந்தார்கள். "போர்டுல குறை இருந்தும் எங்க சாஃப்ட்வேர் ஆளுங்க சரிக்கட்டிட்டாங்க" என்று அவளைக் காட்டினார் மேனேஜர். கைதட்டினார்கள். அவளும் ஆமென்று தலையாட்டினாள்.

வீட்டில் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். வேலை போனதிலிருந்து அவனுக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"ஏங்க, உங்க போர்டு சரியாத்தான் இருக்கு. அண்ணா எழுதின டிரைவர்தான் கோளாறு."

அவன் கை நின்றது. முகம் தெளிந்தது. அந்த முகத்தை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவன் போன் அடித்தது. நாத்தனார். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, நீ இழுத்துவிட்டத ஒருவழியா சரி பண்ணிட்டாங்களாம். உன் பொண்டாட்டிக்கு ஒரே கைதட்டலாம், மாமா சொன்னார். நீயும் அவர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுப்பா. அவர் மனசுல வச்சுக்க மாட்டார்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"கேக்கறேன்க்கா" என்று போனை வைத்தான்.

கேட்கவும் செய்தான். அவளிடம்தான் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. வெளியூரில் வேறு வேலை கிடைத்தபோது, கூட வரட்டுமா என்றாள்.

"உனக்கு இங்க நல்ல பேரு இருக்கு. எதுக்குக் கெடுத்துக்கற?" என்றான், பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடியபடி.