அண்ணனின் முத்திரை

அண்ணனின் விறைத்துப்போன விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு நகக்கண்ணாகத் தேய்த்துக்கொண்டிருந்தான் தம்பி.

"சோப்புக்குப் போகாதுப்பா," என்றார் பிணவறைக்காரர். "எத்தனை மெக்கானிக் கை பாத்திருக்கேன். அந்தக் கறுப்பு கூடவேதான் போகும்."

"போகும். இதுக்குன்னே பசை வெச்சிருக்கோம்."

விமானம் பழுது பார்க்கும் ஹேங்கரிலிருந்து டப்பாவோடு தூக்கி வந்திருந்தான். மணல் கலந்த பசை. அண்ணனும் அவனும் பதினெட்டு வருஷம் ஒரே டப்பாவில் கையை விட்டவர்கள். ஷிப்டு முடிந்து கை கழுவும்போது அண்ணன் சொல்வான்: "ஊரையே மேல ஏத்தி விடறோம்டா. நம்ம ஒசரம் என்னமோ ஏணி ஒசரம்தான்."

நெஞ்சுக்கு மேலிருந்த துணியை விலக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் விலக்கவில்லை. அதை நேற்றே பார்த்தாகிவிட்டது.

நேற்று மதியம் இரண்டு மணி, ஷிப்டு மாறும் நேரம். விமானத்தின் வயிற்றடியில், சக்கரம் மடங்கி ஏறும் குழிக்குள் அண்ணன் ஏறியிருந்தான். குழியின் கதவு தானாக மூடிவிடாமல் இருக்க ஒரு பூட்டு மாட்டுவார்கள். சிவப்பு நாடா தொங்கும். வேலைக் கார்டில் 'முடிந்தது' என்று முத்திரை விழுந்த பிறகுதான் பூட்டைக் கழற்றலாம். அது சட்டம். வழக்கம் வேறு. முத்திரை மேஜையில் அந்த நேரத்துக்கு வரிசை நிற்கும். அதற்குப் பயந்து, கொஞ்சம் வேலை பாக்கி இருக்கும்போதே குத்தி வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும். ஹேங்கரில் அவருக்குப் பெயர் அரைக்கண். பாதி பார்ப்பார், மீதிக்குத்தான் சம்பளம்.

"இன்னும் ஒரே ஒரு கிளிப்புடா," குழிக்குள்ளிருந்து அண்ணனின் குரல் வந்தது. "என் ஸ்டாம்ப எடுத்துக் குத்திடு. போய் டீ சொல்லு, வந்துடறேன்."

குத்தினான். கார்டை மேஜையில் வைத்தான். உள்ளே ஆள் இருக்கிறது என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ சொல்லப் போய்விட்டான். அடுத்த ஷிப்டுக்காரன் கார்டைப் பார்த்தான், பூட்டைக் கழற்றினான், குழிக்குள் தலையை விட்டுப் பார்க்கவில்லை. அதான் கார்டே சொல்லிவிட்டதே. கதவை மூடலாம் என்று மேலே விமானி அறையில் இருந்தவனுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

கிளாஸ் சூடாக இருக்கும்போதே அலறல் கேட்டது.

"தம்பி." வாசலில் அண்ணி நின்றாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "உங்க சூப்பர்வைசர் வந்திருக்காரு. ஏதோ கையெழுத்து கேக்கறாரு."

கையைத் துடைக்காமலே வெளியே வந்தான். சூப்பர்வைசர் பெஞ்சில் தாளை விரித்து வைத்திருந்தார்.

"சும்மா ஒரு இதுக்குத்தாம்மா. வேலை முடிஞ்சதுன்னு அவரே குத்திட்டாரு. அப்புறம் யாருகிட்டயும் சொல்லாம திரும்ப உள்ள ஏறிட்டாரு. அவ்ளோதான் எழுதியிருக்கு. குடும்பத்து ஆளா நீங்க போட்டுட்டா விஷயம் இதோட முடிஞ்சிடும்."

"கேஸ் சிலிண்டரை மூடிட்டமான்னு தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாக்கற மனுஷன்," என்றாள் அண்ணி. "அவரு எப்படிங்க அப்படி ஏறுவாரு?"

சூப்பர்வைசர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நீ கூடத்தானே இருந்தே தம்பி?" என்று அவன் பக்கம் திரும்பினாள் அண்ணி. "அவரா குத்துனாரு?"

ஒரு 'ஆமா' போதும். லைசென்ஸ் தப்பும். போலீஸ் வராது. இனி இரண்டு வீட்டு அடுப்பும் அவன் ஒருவன் கையில்தான் எரிய வேண்டும். பழியைச் சுமக்க ஆள் உள்ளே கிடக்கிறது. எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. அவன் வாயைத் திறந்தான்.

"நான்தான் குத்தினேன் அண்ணி."

அவள் அவனையே பார்த்தாள்.

"அண்ணன் குத்தச் சொன்னான், குத்தினேன். உள்ள இருக்கான்னு... அதை யாருகிட்டயும் சொல்லாம வந்துட்டேன்."

"நீ பேசினது என் காதுல விழல," என்றார் சூப்பர்வைசர், ரொம்ப மெதுவாக. "ரெண்டு குடும்பம்பா. போய் மூஞ்சியக் கழுவிட்டு வா."

"விழலியா? இன்னொரு தடவ சொல்றேன். நான் குத்தினேன்! எல்லாரும்தான் குத்தறோம், தெரியாதா உங்களுக்கு? எழுதுங்க சார். அவன் மேல எழுதாதீங்க, என் மேல எழுதுங்க!"

தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பிணவறைக்காரர் எட்டிப் பார்த்தார். சூப்பர்வைசர் அசையவில்லை. தம்பி பேனாவைப் பிடுங்கினான். தாளைத் திருப்பிப்போட்டு, நடந்ததை நாலு வரியில் கிறுக்கினான். பசை ஈஷி எழுத்து மங்கியது. அதன் மேலேயே அழுத்தி எழுதினான். கீழே பெயர் போட்டான்.

சூப்பர்வைசர் தாளை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் அண்ணி எடுத்துவிட்டாள். படித்தாள். முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள். நாலாக மடித்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வண்டி வந்தாச்சா?" என்று பிணவறைக்காரரைக் கேட்டாள்.

வந்திருந்தது. அண்ணனைக் கிடத்திய பெட்டியைப் பின்னால் ஏற்றினார்கள். "கட்டற பட்டை அறுந்து கிடக்கு," என்றார் வேன் டிரைவர். "வளைவுல பெட்டி நகரும். யாராவது பின்னாடி உக்காந்து புடிச்சுக்கணும்."

அண்ணி முன்னால் போய் ஏறினாள். தம்பி பின்னால் ஏறித் தரையில் உட்கார்ந்து முதுகை வேனின் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்தான். வேன் மெயின் ரோட்டில் திரும்பியபோது பெட்டி நகர்ந்து அவன் முழங்காலில் இடித்தது. இழுத்துப் பிடித்தான்.

அண்ணி திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தபடி டிரைவரிடம் சொன்னாள்:

"பிடிச்சிருக்கானான்னு பாருங்க."

டிரைவர் மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். "ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காரும்மா."

ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். டிரைவரைத்தான் கேட்டாள்.