பெரட்டுக்கு நின்னவன்

ஆமா, ஆமிதான், பட்டாளம். எங்க தேயிலத் தோட்டத்துலருந்து ஆமிக்கு போயி நெலச்சு நின்னவன்னா நிஷாந்த் ஒருத்தன்தான். ஏன், நீயும் போனீல்லன்னு கேப்பீங்க. போனேன். ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் போயி எறங்குனோம். நான் ஆறு கெழமையில, ஒன்றரை மாசத்துல, எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். முட்டி வீங்கிருச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன். முட்டி கொஞ்சம் வீங்குனதும் நெசம்தான், ஆனா அதுக்காக வரல. விடியமுன்ன விசில் ஊதுறத என்னால தாங்க முடியல, அவ்வளவுதான்.

அவன் நின்னான். அஞ்சு வருசம்.

மொத லீவுக்கு வந்தப்ப லயத்து வாசல்ல பூட்ஸ கழட்டி வச்சான் பாருங்க, சின்னப் புள்ளைங்கெல்லாம் வரிசையா வந்து அதுல மூஞ்சி பாத்துட்டு போச்சுங்க. இராசையா மாமா, அவன் அம்மாவோட தம்பி, அவருக்கு மட்டும் புடிக்கல. "ஏன்டா, தெமோதரையிலருந்து கொழும்பு வரைக்கும் கடை இருக்கு, ஓட்டல் இருக்கு, ஒனக்கு இதான் கெடச்சுதா"ன்னாரு. இவன் சொன்னான், "மாமா, மலையில அட்ட கடிக்குது, அங்க சார்ஜன் கடிக்கிறாரு. ரெத்தம் ஒண்ணுதான். அங்க சோறு கூட போடுறாங்க"ன்னான். மாமா சிரிக்கக் கூடாதுன்னு வெத்தலைய வாயில அடக்கிக்கிட்டே சிரிச்சாரு.

அவன் அப்புடித்தான். எத சொன்னாலும் ஒரு பதில் வச்சிருப்பான். ஆனா யாராச்சும் நெருங்குனவன் ஒண்ணு சொன்னா அப்புடியே கேப்பான். அதான் வெனை.

கடைசியா வெள்ளம் வந்துச்சுல்ல, அப்ப அவன கீழ்நாட்டுப் பக்கம் போட்டிருந்தாங்க. இடுப்பளவு தண்ணியில ஒரு வயசான ஆள முதுகுல தூக்கிக்கிட்டு நடந்து வர்ற போட்டோ அனுப்புனான். அந்த ஆளு கையில ஒரு சேவல். வொய்ஸ் வேற போட்டிருந்தான், "டேய் ஜேசன், ஆளு லேசுடா, சேவல்தான் தலையில கொத்திக்கிட்டே வருது"ன்னு. அத நான் கடையில ஸாஹிர் நானாவுக்கு போட்டுக் காட்டி ரெண்டு பேரும் சிரிச்சோம். நான் பதுளையில அவரு கடையிலதான் போன் திருத்துறேன்.

பத்து நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் போன்ல கோல் எடுத்தான். நான் ஒரு போன பிரிச்சுப் போட்டுட்டு அரை காதாலதான் கேட்டேன். அத நெனச்சாதான் எனக்கு…

"டேய், ரெண்டு நாளா காய்ச்சல்டா. கெண்டக்கால் ரெண்டும் வலி தாங்கல."

"ஊர்ல உள்ள ஆளயெல்லாம் தூக்கிக்கிட்டு திரிஞ்சா வலிக்காம?"

"சிக் போட்டு மருந்துக்கு போலாமான்னு பாக்குறேன்."

"லூசாடா நீ? அடுத்த கெழம ஒனக்கு லான்ஸ் கோப்ரல் டெஸ்ட்டு. இப்ப போயி படுத்தீன்னா ஒன்ன விட்டுட்டு அடுத்தவன எடுத்துருவானுக. காலையில வழக்கம்போல பெரட்டுக்கு நின்னுரு, பேரு விழுந்துரும். அப்பறம் ரெண்டு பெனடோல போட்டுட்டு எங்கயாச்சும் சாஞ்சுக்க."

அவன் சிரிச்சான். "சரிங்க கங்காணி"ன்னு சொல்லி வச்சிட்டான். அதுக்கப்பறம் அவன் கொரல நான் கேக்கல.

இது எங்க பழக்கம், வேற யாருக்கும் புரியுமான்னு தெரியல. தோட்டத்துல காலையில பெரட்டு களத்துல போயி நின்னாத்தான் அன்னைக்கு கங்காணி ஏட்டுல பேரு விழும், வேலைக்கு வந்த கணக்கு. காய்ச்சலோ வயித்துவலியோ, மொதல்ல போயி நின்னு பேரக் குடுத்துரணும். அப்பறம் மலையில ஏறி செடிக்குள்ள குந்திக்கலாம், பக்கத்து நெரையில எடுக்குற பொம்பள ரெண்டு புடி கொழுந்து அள்ளி கூடையில போட்டுருவா. எங்கம்மா அப்புடித்தான், அவன் அம்மா அப்புடித்தான். நான் அதத்தான் அவனுக்கு சொன்னேன். ஆமியில செடி எங்க இருக்கு, பக்கத்து நெரை எங்க இருக்கு?

மூணு நாள் நின்னிருக்கான். நாலாம் நாள் களத்துலயே விழுந்துட்டான். எலிக்காய்ச்சல். வெள்ளத் தண்ணியில கால்ல எங்கயோ கீறல் பட்டு ஏறியிருக்கு. ஆசுபத்திரியில ரெண்டு நாள் இருந்தான். அப்பறம் கொடி போத்துன பெட்டியிலதான் வந்தான். வேட்டு போட்டாங்க. லயத்து நாய்ங்கெல்லாம் ஓடி ஒளிஞ்சுச்சு.

அவன் செத்தது ஊருக்கே தெரியும். தெரியாதது கருமாதி அன்னைக்கு நடந்தது.

பதினாறாம் நாளு அவனோட இருந்த பசங்க மூணு பேரு வந்தாங்க. ரோட்டு ஒடஞ்சு கெடக்குறதால த்ரீவீல் பாதியிலயே நின்னுருச்சு. அவனோட ட்ரங்குப் பெட்டிய தோள்ல மாத்தி மாத்தி தூக்கிக்கிட்டு ஏறி வந்தாங்க. பெரிய ஆளு கோப்ரல் ரத்நாயக்க, பிபிலைக்காரரு, சிங்களவரு. வந்ததும் நிஷாந்தோட அம்மா கால்ல விழுந்து கும்புட்டாரு. அவன் அம்மா தனலெட்சுமிய நான் பெரியம்மான்னுதான் கூப்புடுவேன், அது பயந்து போயி பின்னால நகந்துருச்சு.

பெரியம்மாவுக்கு சிங்களம் வராது. சந்தையில "கீயத", எவ்வளவுன்னு கேக்கத் தெரியும், அதோட சரி. அவன் தங்கச்சி துஷாந்தினி டவுன்ல புடவக்கடையில நிக்கிறா, தண்ணியா பேசுவா, ஆனா அவ அடுப்படியில படையலுக்கு வட சுட்டுக்கிட்டு கெடந்தா. பெரியம்மா என் கையப் புடிச்சு ஒக்கார வச்சுச்சு.

"நீ கேளு சாமி. கடைசியில என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம கேட்டு சொல்லு. நாளு பூரா சொன்னாலும் நான் கேப்பேன்."

ரத்நாயக்க சிங்களத்துல சொல்லச் சொல்ல நான் தமிழ்ல சொன்னேன். ராவெல்லாம் குளுரு அடிச்சுச்சு, அவரு போர்வையையும் குடுத்தாருன்னாரு, சொன்னேன். கஞ்சி குடிக்கல, தோடம்பழம் மட்டும் கேட்டான்னாரு, சொன்னேன். பெரியம்மா தலைய ஆட்டி ஆட்டி கேட்டுச்சு, யாரோ உசுரோட இருக்குறவன் கதைய கேக்குற மாதிரி.

அப்பறம் அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு சொன்னாரு. அம்மே, நான் சிக் போடச் சொல்லி ரெண்டு தடவ சொன்னேன். அவன் கேக்கல. ஊர்ல ஒரு கூட்டாளி சொன்னானாம், காலையில நின்னுரு, அப்பறம் படுத்துக்கன்னு. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சிரிச்சான். டொக்டர் சொன்னாரு, ரெண்டு நாள் முந்தி கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பான்னு.

அந்த கூட்டாளி நான்தான்னு அவருக்கு தெரியாது. என் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்றாரு. சொல்லி முடிச்சிட்டு, சொல்லுங்கன்னு பெரியம்மா பக்கம் கை காட்டுறாரு.



"என்னய்யா சொல்றாரு?"

"மூணு நாளு… காய்ச்சலோடயே பெரட்டுக்கு நின்னானாம் பெரியம்மா."

"காய்ச்சலோடயா? யாரு நிக்கச் சொன்னது?"

சொல்லிருக்கணும். அப்பத்தான் சொல்லிருக்கணும். அந்த எடத்துல ஒரே ஒரு வார்த்தைதான் வேணும், "நான்"ன்னு. எனக்கு வாயில வந்தது வேற.

"யாரும் சொல்லலயாம். அவனாத்தான் நின்னானாம்."

பெரியம்மா முந்தானைய சுருட்டி சுருட்டி விரிச்சுச்சு. அப்பறம் மெதுவா சொல்லுச்சு, "அப்ப என்னப் பாத்துத்தான் நின்னிருக்கான். நான் காய்ச்சலோட பெரட்டுக்கு போறத பாத்துத்தானே வளந்தான். எம் புள்ளைக்கு நானே சொல்லிக் குடுத்துட்டேனே."

"இல்ல பெரியம்மா, அப்புடி இல்ல"ன்னேன். ரத்நாயக்க, அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டாரு. ஒங்களுக்கு நன்றி சொல்றாங்கன்னேன். பாருங்க, ஒரே எடத்துல ஒக்காந்துக்கிட்டு ரெண்டு பக்கமும் பொய்.

அப்பத்தான் நிமிந்து பாத்தேன். அடுப்படி துணியத் தள்ளிக்கிட்டு துஷாந்தினி தட்டோட நிக்கிறா. எல்லாத்தையும் கேட்டிருக்கா, சிங்களத்துலயும் தமிழ்லயும். நாலு பேருக்கும் ப்ளேன்டீ குடுத்தா. என்கிட்ட வந்து, "சீனி போதுமாண்ணே"ன்னா. போதும்னு வாங்கிக்கிட்டேன்.

அதோட முடியல. எங்க லயத்துல கருமாதிக்கு படையல்ல வைக்கிற புது உடுப்ப செத்தவன் வயசுல உள்ள கூட்டாளிக்கு குடுக்குறது வழக்கம். அவன் அத அங்கயே போட்டுக்கிட்டு எலையில ஒக்காந்து சாப்புடணும், செத்தவனே சாப்புட்ட மாதிரி. கற்பூரம் காட்டி முடிச்சதும் பெரியம்மா அந்த ஊதா சட்டைய எடுத்துக்கிட்டு என்கிட்ட வருது.

இராசையா மாமா குறுக்க விழுந்தாரு. "அக்கா, அவன் வேதக்காரப் பய. படையல் சட்டைய அவனுக்கா?"

"ஆமா, எம் மவன் வருசா வருசம் அற்புதமலரு வீட்டு நத்தார் கேக்கத் தின்னப்ப ஒனக்கு வாயில என்ன இருந்துச்சு? நீயும்தான் பக்கத்துல ஒக்காந்து தின்ன!"

அற்புதமலரு எங்கம்மா, நாங்க கிறிஸ்தவங்க, நத்தார்னா எங்களுக்கு கிறிஸ்மஸ். எல்லாரும் சிரிச்சாங்க, பதினாறு நாளைக்கு அப்பறம் அந்த வீட்ல மொத தடவையா. ரத்நாயக்கவும் ஒண்ணும் புரியாமயே சிரிச்சாரு. நான் வேணாம்னு சொல்லப் பாத்தேன். சட்டைய போட்டேன். தோள்ல கொஞ்சம் பெருசு, அவன் அளவு. பெரியம்மா எனக்கு எதிர்ல ஒக்காந்து, "தின்னு சாமி"ன்னு சொல்லிட்டு அதுவும் ஒரு கவளம் அள்ளி வாயில போட்டுச்சு. பின்னாலருந்து யாரோ சொன்னாங்க, பதினாறு நாள்ல இன்னைக்குத்தான் இது சோறு திங்கிதுன்னு. நான் எலையில இருந்த வடைய எடுத்து வாயில போட்டேன். முழுங்குனேன். வேற என்ன செய்ய?

ஆமிக்காரங்கெல்லாம் போனதுக்கப்பறம் பீலித் தண்ணியில கை கழுவப் போனேன். துஷாந்தினி சட்டி தேச்சுக்கிட்டு இருந்தா.

"துஷா, நான்…"

"பேசாதீங்கண்ணே."

"நான் வேணும்னு சொல்லலடி. எனக்கு தெரியாது அது எலிக்காய்ச்சல்னு."

"எனக்கும் ஃபோன் பண்ணான். நானும் பெனடோல் போடுன்னுதான் சொன்னேன்." சட்டிய கவுத்து வச்சா. "அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. நீங்க வந்து ஒக்காந்தாத்தான் அது சோறு திங்கிது. அதையும் கெடுத்துறாதீங்க."

அவ திட்டியிருந்தா கூட தேவலன்னு இருந்துச்சு.

சரின்னு மூணு கெழமையா தெனமும் போறேன். கடை விட்டு பஸ் புடிச்சு நேரா அங்கதான். பெரியம்மா எலை போடும், நான் சாப்புடுவேன், அதுவும் சாப்புடும். நிஷாந்த் சின்னதுல செஞ்சதெல்லாம் சொல்லும். சொல்லிட்டு கடைசியில, "நான்தானே கெடுத்தேன் அவன"ன்னு முடிக்கும். ஒவ்வொரு நாளும் அங்கதான் முடிக்கும். நான் எலையப் பாத்துக்கிட்டே இருப்பேன்.

இப்ப ஏன் ஒங்ககிட்ட இவ்வளவு அவசரமா கேக்குறேன்னா, முந்தாநாள்லருந்து பெரியம்மாவுக்கு காய்ச்சல். நெத்தி நெருப்பா கொதிக்கிது. மருந்துக்கு வான்னா வரமாட்டேங்குது. நேத்து காலையில மழையில பெரட்டுக்கு போயி நின்னுச்சாம். கங்காணியே போ போன்னு வெரட்டியிருக்காரு. "எம் புள்ள மூணு நாளு நின்னான்ல, நானும் நிக்கிறேன்"ன்னு சொல்லுச்சாம். இன்னைக்கும் போயிருச்சுன்னு துஷாந்தினி காலையில கோல் எடுத்து அழுவுறா. "நீங்க எதாச்சும் செய்யுங்கண்ணே"ங்குறா. என்ன செய்யன்னு கேட்டா, "தெரியல, ஆனா சொல்லிறாதீங்க"ங்குறா.

நேத்து ராவு நான் கெஞ்சிப் பாத்துட்டேன். கைய புடிச்சு இழுத்தும் பாத்துட்டேன். நானும் இராசையா மாமாவும் சேந்து தூக்கிக்கிட்டே போயிறலாம்னு நெனச்சோம், அது கதவு நெலைய புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. நாளைக்கும் போனா அதுக்கு மூணாவது நாளு.

மவன் நின்னது தன்னால இல்லன்னு தெரிஞ்சா பெரியம்மா நிக்காதுன்னு எனக்கு தோணுது. நான்தான் சொன்னேன், ஒன்னப் பாத்து இல்ல, என் பேச்சக் கேட்டுத்தான் நின்னான்னு சொன்னா மருந்துக்கு வரும். வரும்னுதான் நெனக்கிறேன். ஆனா அதுக்கப்பறம் என் மூஞ்சியில முழிக்குமா? நான் போகலன்னா அது யாரோட ஒக்காந்து சாப்புடும்? ஒருவேளை சொல்லியும் வராமப் போச்சுன்னா? அப்ப சோறும் மருந்தும் ரெண்டும் போயிருமே.

நாலரை பஸ்ஸுக்கு நிக்கிறேன். தோட்டத்துக்கு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும். நீங்க சொல்லுங்க, போன ஒடனே வாசல்ல வச்சே சொல்லிறவா? நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?