தாய்வழியில் யாருக்காவது

மஞ்சள் காமாலை பார்க்க நர்ஸ் மிஸ்ஸி காலையில் குத்திய இடத்தில் ரத்தம் மத்தியானம் வரை நிற்கவில்லை. பிறந்து மூன்று நாளான என் மகன், சுண்டைக்காய் அளவு குதிகால். பஞ்சை மாற்ற மாற்ற மறுபடி சிவந்தது. "அமுக்கிப் புடி லா, நின்னுரும்," என்றார் என் மாமியார் புஷ்பவல்லி. அமுக்கத்தான் செய்தேன். யாரை நினைத்து அமுக்கினேன் என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

என் அண்ணன் குகன் பன்னிரண்டு வயதில், பல் பிடுங்கிய பிறகு, மூன்று நாள் இப்படித்தான் கசிந்து கசிந்தே போய்ச் சேர்ந்தான். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க டெங்கி என்றே சொல்லிவைத்தோம். குடும்பத்தில் ரத்த வியாதி என்றால் என்னை யார் கட்டுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். நான் மட்டும் என்ன யோக்கியம்? யுகேந்திரனைக் கட்டிக்கொள்ளும் ஆசையில் நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பார்வையாளர் நேரத்தில், இரண்டு வீட்டாரும் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது, டாக்டர் வனேசா ரிப்போர்ட்டோடு வந்தார்.

"ரத்தம் உறைய எடுக்கிற நேரம் கூட இருக்கு. பச்சப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடத்தான் காட்டும். அதோட, ரத்தம் நிக்கலன்னு கையில எடுத்த டியூப்ல ரத்தம் கோடு வரைக்கும் நிரம்பல, அதுனாலயும் தப்பாக் காட்டும். அம்மா வழியில யாருக்காவது ரத்தம் நிக்காத பிரச்சின இருக்கா? இல்லன்னா, இது நின்னதும் வீட்டுக்குப் போங்க. அடுத்த வாரம் திரும்ப எடுக்கலாம்."

"சம்பந்தி வீட்ல அதெல்லாம் ஒன்னும் கெடையாது டாக்டர்," மாமியார் முந்திக்கொண்டார். "முப்பதாம் நாள் மொட்ட போட்டு காது குத்தணும். கோயில்ல சொல்லியாச்சு."

கத்தி. ஊசி. கட்டிலின் மறுபக்கம் நின்ற என் அம்மா மாரியாயி என் கையைப் பிடித்து அழுத்தினார். பேசாதே என்று அர்த்தம். டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். இல்லை என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

"டாக்டர், எங்க அண்ணன் டெங்கில சாகல," என்றேன். "பல்லு புடுங்கி, ரத்தம் நிக்காமச் செத்தான்."

யுகேந்திரன் முகத்தை நான் பார்க்கவில்லை. பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அடிப்பாவி," என்றார் மாமியார். சொல்லட்டும். என்னை வீட்டில் வைத்தாலும் சரி, விரட்டினாலும் சரி, என் பிள்ளை மிஞ்ச வேண்டும்.

"பிள்ள எங்கயும் போகாது," என்றார் டாக்டர். "மிஸ்ஸி, புது டியூப், கோடு வரைக்கும் எடுங்க. இன்னைக்கே பெரிய லேபுக்கு அனுப்பணும்." பிறகு என் அம்மா பக்கம் திரும்பினார். "உங்க கூடப் பொறந்தவங்க யாருக்காவது?"

அம்மா என் கையை விட்டார்.

"என் தம்பியும் அதுக்கு முன்னாடியே இப்படித்தான்மா போனான்," என்றார். "குகனுக்குப் பல்லு புடுங்கறப்ப, அந்த டாக்டரும் இதே கேள்வியத்தான் கேட்டாரு. என் மாமியா பக்கத்துல நின்னாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."