சின்ன லீவர்

சகாதேவனைத் தம்பி என்று கூப்பிட்ட வாயை இப்போதும் கழுவிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. என் கணவர் கோதண்டராமனின் கூடப்பிறந்தவன் அவன். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் எங்கள் ஜீப்பை அவனை நம்பித்தான் கொடுத்தேன். எனக்கும் என் மகள் தென்றலுக்கும் சோறு போட்டது அந்த ஒரு வண்டிதான்.

அரசாங்க ஏலத்தில் எடுத்த பழைய ஃபோர் வீல் ஜீப் அது. மழைக்காலத்தில் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு வேறு வண்டி ஏறாது, எங்களுடையது ஏறும். கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சேற்றில்தான் அதைப் போட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டினால் முன்னும் பின்னும் மல்லுக்கட்டி, உள்ளே கியர் பல்லெல்லாம் நொறுங்கிப் போகும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை மலைக்குப் போனவள் நான், எனக்குத் தெரியாதா!

காரியம் முடிந்த மறு வாரமே சகாதேவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. சவாரிக்கு வர்றவங்க ஒரு மாதிரி பேசறாங்க. வண்டி எடுக்கறப்போ நீங்க எதிர்ல வர வாணாம். முன் சீட்ல உக்கார்றதும் வாணாம். நான் இதெல்லாம் நம்பலைங்க, ஊரு நம்புது.”

சுருக்கென்று தைத்தது. ஆனால் வண்டி ஓடியாக வேண்டுமே! வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் அவன் ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டாலே நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

அதற்குப் பிறகுதான் வண்டிக்குக் கேடு பிடித்தது. முதலில் ஒரு முனகல். அப்புறம் கியர் பல் போனது. அதை மாற்றினால் முன் அச்சில் கிரவுன் என்கிற பல்சக்கரம் உடைந்தது. செங்கம் ரோட்டு மெக்கானிக் மண்ணாங்கட்டி, “வண்டிக்கு வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்” என்றார். கம்மல் போனது, கால் கொலுசு போனது, எல்லாம் அந்த ஜீப்பின் வயிற்றுக்குள் போனது. கடைசியில் சகாதேவன் சொன்னான்:

“வித்துடலாம் அண்ணி. எங்க சகலை கேக்கறாரு. பாவப்பட்டு இரும்பு வெலைக்கு எடுத்துக்கறேங்கறாரு.”

இரவெல்லாம் அழுதுவிட்டுச் சரி என்றேன். மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த வாரம் பௌர்ணமி. கீழ்பென்னாத்தூரில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், கிரிவலக் கூட்டம் பஸ்ஸில் படிக்கட்டு வரை தொங்குகிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டு வந்தது. பாதி வழியில் ஏறினால் சகுனம் ஒட்டாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவனுக்குச் சங்கடம் வேண்டாமே என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்பக்கம் ஏறினேன்.

ரோடு எலும்பாகக் காய்ந்து கிடந்தது. வண்டியோ மலையேறுவதுபோல முனகியது. திருப்பத்தில் அடியில் நறநறவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். சின்ன லீவர் போட்டபடி இருந்தது.

முன் சீட்டில் அவன் சகலை உட்கார்ந்திருந்தான். “ஏன்யா இப்படி உயிர விடுது?” என்றான்.

“வுடட்டும். இன்னும் ரெண்டு நடை இப்படியே போனா அண்ணி மனசு மாறாம எழுதிக் குடுத்துடும். இன்ஜின் கல்லு மாதிரி இருக்குது. முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்டக் கழட்டிப் போட்டுட்டு, பின் சக்கரத்துலயே ஆசிரமத்துப் பக்கம் டவுன் சவாரி ஓட்டிக்கலாம்.”

அடப்பாவி! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“நிறுத்துடா வண்டிய!” என்று போட்ட கூச்சலில் அவன் ரோட்டோரத்துப் புளியமரத்தை இடிக்கப் பார்த்தான்.

“அண்ணி… நீங்க எப்ப ஏறினீங்க?”

“எப்ப ஏறினா என்னடா? ஒன் அண்ணன் வண்டிடா இது! நீயே ஒடைச்சுட்டு என்னையே அழ வெச்சியே!”

“எனக்கும் பங்கு இருக்குதுல்ல அண்ணி? யாரு குடுத்தா?”

“வாயத் தொறந்து கேட்டியா? கேட்டிருந்தா ஒன் பேருக்கே எழுதிக் குடுத்திருப்பேனேடா!”

சகலை இறங்கி நடையைக் கட்டினான்.

“அப்ப சகுனம்னு சொன்னியே, அது?”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“முன்னாடி உக்காந்தா லீவரப் பாத்துடுவீங்களே அண்ணி.”

சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். இன்று வேடியப்பன் என்று ஒரு டிரைவர் ஓட்டுகிறார். ஜீப் இருமிக்கொண்டாவது மலை ஏறுகிறது. முன் சீட்டில் நான்தான் உட்காருகிறேன், எவன் என்ன சொல்வான் பார்ப்போம். வண்டிக்குச் செய்ததையாவது ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன்.

ஆனால் அந்தப் படுபாவி சொன்னதை நான் நம்பினேனே! ஒவ்வொரு தடவை வண்டி நின்றபோதும் என் ராசிதான் என்று நம்பினேன். அந்த வருஷம் தென்றல் பத்தாவது பரீட்சைக்குக் கிளம்பினாள். “அம்மா, திருநீறு வெச்சுவுடும்மா, நேரமாவுது” என்று வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டேன்.