செல்வாம்பாள் வாங்கிய சம்பளம்

செல்வாம்பாளுக்கு இருதய வால்வு சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரம், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு அரிகிருஷ்ணனை நெல்லித்தோப்பில் உள்ள என் மிளகாய் அரவை மில்லுக்கு வரச்சொன்னேன். செல்வாம்பாள் என் தங்கை. கணவர் இறந்த பிறகு எங்களோடு இருக்கிறாள். ஆபரேஷனுக்கு மில்லையே விற்க வேண்டியிருக்கும். இலவச வார்டில் எங்கள் வீட்டுப் பெண்ணைப் படுக்க வைக்க எனக்கு மனமில்லை.

அது எண்பத்தேழாம் வருஷம். மெடிகிளைம் அப்போதுதான் வந்திருந்தது.

"ஏற்கெனவே இருக்கற நோவுக்கு அது தராது மாமா," என்றான் அரிகிருஷ்ணன். "வேணும்னா உங்க பேருக்குப் போடறேன். கல்லு மாதிரி இருக்கீங்க, கம்பெனிக்குக் கொண்டாட்டம்."

"எனக்குக் கேக்கல."

"அப்ப தொழிலாளிங்களுக்கு இருக்கற ஈ.எஸ்.ஐ.தான், ஆபரேஷன் செலவ அவங்களே பாத்துக்குவாங்க. அங்க நோவைக் கேக்க மாட்டாங்க, ஆளைத்தான் கேப்பாங்க. கரண்டுல ஓடற மில்லுன்னா பத்து பேர் சம்பளத்துக்கு இருக்கணும். உங்ககிட்ட எத்தினி பேரு?"

"ஏழு."

அவன் பின்கட்டைப் பார்த்தான். அங்கே செல்வாம்பாளும் என் மருமகள் கமலவேணியும் தம்பி மனைவி அஞ்சலாட்சியும் மிளகாய்த் தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க?"

"வீட்டு மனுசங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க கூலிக்குப் போற வழக்கமில்ல."

"காலையிலேர்ந்து கட்டிக்கினு கெடக்கறோமே, இது என்னாண்ணே, பல்லாங்குழியா?" என்று செல்வாம்பாள் உள்ளேயிருந்து கேட்டாள். கமலவேணி சிரிப்பது கேட்டது.

அன்று மாலை செல்வாம்பாள் கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு நடக்க முடியாமல் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் மூவரின் பெயரையும் ஆட்கள் பெயரோடு சேர்த்து ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் இல்லை. அவர்கள் செய்யாத வேலை எதையும் நான் எழுதவில்லை.

விசாரிக்க ஈ.எஸ்.ஐ. அதிகாரி சனிக்கிழமை வந்தார். சம்பள நாள். பெரிய மார்க்கெட்டிலிருந்து சரக்கெடுக்க வந்த வியாபாரிகளும் வாசலில் நின்றார்கள். ஆட்கள் வரிசையில் வந்து வாங்கினார்கள்.

அண்ணன் தங்கைக்குக் கொடுப்பது சீர். ஆகவே அவள் சம்பளப் பணத்தைத் தாம்பாளத்தில் ஒரு புதுச் சேலையின் மேல் வைத்து, நானே பின்கட்டுக்கு எடுத்துச் சென்றேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

செல்வாம்பாள் தாம்பாளத்தைத் தொடவில்லை. "சீரா குடுத்தா ஈ.எஸ்.ஐ. கார்டு வராதுண்ணே," என்றாள். எழுந்து முன்கட்டுக்கு வந்து, மூட்டை தூக்கும் கொளஞ்சிக்குப் பின்னால் நின்றாள்.

கொளஞ்சி பதறி விலகினான். "நீங்க முன்னாடி போங்கம்மா."

"நீ வாங்கு. நான் ஒனக்கு அப்பறந்தான வந்தேன்."

நான் தாம்பாளத்தை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினேன். கொளஞ்சிக்குக் கொடுத்தேன். அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அன்று ஆட்களைக் கூப்பிடுவதுபோல, "செல்வாம்பாள்" என்றேன்.

வந்தாள். மூச்சு வாங்கியது. நீட்டிய கையில் பணத்தை வைத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

"கமலவேணி" என்று அடுத்த பெயரைப் படித்தேன்.