நாற்பத்தொரு நல்ல பதில்கள்

நாகையாவைப் பொறுத்தவரை அரசாங்கத்து ஆட்கள் எல்லாரும் ஒரே ஆள்தான். சிறுநீர்ச் சோதனைக்கு டப்பாவை நீட்டுகிறவர், வரிக் கடிதம் அனுப்புகிறவர், பல்கலைக்கழகத்திலிருந்து கேள்வித்தாளோடு வருகிற பெண், இவர்கள் எல்லாரும் எங்கோ ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

1991-ஆம் ஆண்டு அது. தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில், போதைப்பித்தர் மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வந்தவர்களுக்காக ஓர் அறை இருந்தது. நடத்தியது ஒரு சின்னச் சங்கம். வாடகையும் மருந்தும் அரசாங்க மானியத்தில் ஓடின. மாலை ஐந்து மணிக்குத் திறப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வருவார். மற்ற நாள்களில் உடம்பு வலிக்கு மாத்திரை, சூடாக ஒரு குவளை மைலோ, மூலை உடைந்த கேரம் பலகை, அப்புறம் நாகையா. அவரே ஹெராயின் பொடியை விட்டுப் பதினொரு வருடம் ஆனவர். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் ஒருவன் மரப்படியில் ஏறிவரும் சத்தத்தை வைத்தே, எடுத்துவிட்டு வருகிறானா எடுக்காமல் துடித்துக்கொண்டு வருகிறானா என்று சொல்லிவிடுவார்.

அந்த அறைக்கு ஜனவரி மாதம் விசாலம் வந்தாள். பல்கலைக்கழக விரிவுரையாளர், முப்பது வயதுகூட இருக்காது. மையத்திலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு என்ன சிகிச்சை கிடைக்கிறது, எது கிடைக்காமல் மறுபடி விழுகிறார்கள், இதை எப்படிச் சரிசெய்யலாம் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அறைக்கு வந்துபோகும் நாற்பத்தொரு பேரையும் அவர்கள் வீட்டிலேயே பார்த்து, அவர்களிடமும் வீட்டாரிடமும் கேட்க வேண்டும் என்றாள்.

"பேரெல்லாம் வேணாம் அண்ணே. நம்பர் மட்டும்தான் எழுதுவேன். யாருக்கும் தெரியாது."

"சரிங்க மிஸ்" என்றார் நாகையா. ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. அவர் பிறந்தது டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். பெரிய துரை பார்வையிட வரும் நாளுக்கு முன்னாலேயே மரத்தடிகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, காய்ச்சல்காரர்களை லயத்து வீடுகளின் பின்பக்கம் ஒளித்துவைத்துவிடுவார்கள். துரை என்ன கேட்டாலும் 'எல்லாம் நல்லா இருக்குங்க தொரை' என்பதே பதில். ஒரு தடவை ஒரு மனுஷன் மட்டும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வாயைத் திறந்துவிட்டான். அடுத்த மாதம் அவன் குடும்பமே தோட்டத்தில் இல்லை. அன்றைக்கு நாகையாவுக்கு ஏழு வயது. அந்த வயதில் மண்டையில் ஏறியதை எந்தக் கொம்பனாலும் இறக்க முடியாது.

ஆகவே விசாலம் எந்த வீட்டுக்குப் போவதாக இருந்தாலும், அதற்கு முதல் நாளே நாகையா அங்கே போய் நின்றார். கிள்ளானில் புஷ்பவல்லியின் வீட்டுக்கும் அப்படித்தான் போனார். புஷ்பவல்லி கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். புருஷன் இல்லை, ஒரே மகன் சின்னையா. துறைமுகத்தில் லோரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். மையத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த ஒரே வாரத்தில் மறுபடியும் தினம் பொடி என்று ஆகிவிட்டான். அப்போதுதான் இந்த அறை அவன் கண்ணில் பட்டது. கிள்ளானிலிருந்து பஸ் ஏறித் தினமும் வந்தான். இப்போது மாதம் இரண்டு தடவைதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சம்பளம். வாங்கினால் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். மறுநாள் மாலை தலையைக் குனிந்துகொண்டு படியேறி வருவான், நாகையா ஒன்றும் கேட்காமல் மைலோவைக் கலக்குவார். நடுவில் இருக்கிற அந்த நல்ல நாள்கள்தான் நாகையாவின் ஒரு வருட உழைப்பு. ஆனால் அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. முழுதாக விடவில்லை, அதில் என்ன பெருமை என்று நினைத்துவிட்டார்.

"அக்கா, நாளைக்கு ஒரு மிஸ் வருவாங்க. சின்னையா சுத்தமா விட்டுட்டான்னு சொல்லுங்க. ஒரு பிரச்சனையும் இல்ல, ஒண்ணும் வேணாம்னு சொல்லிருங்க."

"ஏன் தம்பி, கஷ்டத்தத் தெரிஞ்சுக்கத்தான அந்தப் பொண்ணு வருது?"

"கேக்கறது அந்தப் பொண்ணு. எழுதுன பேப்பரு யாரு கைக்குப் போவும்? நல்லா இருக்குன்னு சொன்னாத்தான்க்கா ரூம்பு நிக்கும். இல்லாட்டி, காசு குடுத்தும் ஒண்ணும் ஆவலியேன்னு இழுத்து மூடிருவானுங்க."

புஷ்பவல்லிக்கு அந்த அறை நின்றால் போதும். மறுநாள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா என்று விசாலம் இரண்டு தடவை கேட்டாள். "ஒண்ணும் வேணாம்மா, நல்லா இருக்கான்" என்றாள் இரண்டு தடவையும். சின்னையாவும் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே, "விட்டுட்டேன் மிஸ்" என்றான். விசாலம் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். வாசலில் நின்ற நாகையாவுக்கு வாயெல்லாம் பல். செமினி, காஜாங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் ஒருவர்கூடச் சொதப்பவில்லை.

அக்டோபர் மாதம் விசாலம் அறிக்கையோடு படியேறி வந்தாள். நாகையா சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் சிரிக்கவில்லை.

"மானியத்த நிறுத்தறாங்க அண்ணே. டிசம்பரோட சரி."

"நல்லா இருக்குன்னுதான மிஸ் எல்லாரும் சொன்னோம்!"

"அதனாலதான். மையத்துல இருந்து வந்தவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க, யாருக்கும் ஒரு உதவியும் வேணாம்னு என் அறிக்கையே சொல்லுது. அப்புறம் ரூம் எதுக்குலா, மையம் மட்டும் போதுமேன்னு கேக்கறாங்க. தினம் எடுத்தவன் இங்க வந்து மாசத்துக்கு ரெண்டு தடவையா கொறைச்சிருக்கான்னு ஒரே ஒரு வீட்ல சொல்லியிருந்தாக்கூட, அத வச்சு நான் சண்ட போட்டிருப்பேன்."

நாகையாவுக்கு மறைக்கத் தோன்றவில்லை. போன வீடுகளையும் சொல்லிக்கொடுத்த பதில்களையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

விசாலம் கோபப்படுவாள் என்று பார்த்தார். அவள் அறிக்கையை மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "பேர் இருந்த தாள வேலை முடிஞ்ச அன்னிக்கே கிழிச்சுட்டேன் அண்ணே. நீங்க பயந்திருக்கவே வேணாம்" என்றாள். மறுபடி எல்லாரையும் கேட்க அனுமதி வாங்கப் பார்ப்பதாகவும், அதற்குப் பல மாதம் பிடிக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

பல மாதம் யாரிடம் இருக்கிறது? அதைவிட, பெயரைக் கிழித்துவிட்டாள் என்ற சேதி நாகையாவை ஆட்டிவிட்டது. இத்தனை வருடமாக வீணாகப் பயந்தோமே என்று தன்மீதே ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்த மனுஷனுக்கு நிதானம் ஏது? மானியம் தருகிற போதைப்பொருள் இலாகாவுக்கே மனு எழுதி உண்மையைச் சொல்லியே ஆவது என்று கிள்ளானுக்குக் கிளம்பிவிட்டார்.

புஷ்பவல்லி கேட்டது ஒன்றுதான். "உண்மையச் சொன்னா ரூம்பு நிக்குமா தம்பி?"

"நிக்கும்க்கா. இப்ப காலம் மாறிப்போச்சு. யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

மனுவை ஒரு தட்டச்சுக் கடையில் நாகையாவே சொல்லச் சொல்ல அடிக்க வைத்தார். பெயர் போடாத மனுவை எவன் படிப்பான்? எனவே தாயின் பெயர், மகனின் பெயர், அடையாள அட்டை எண், கிள்ளான் விலாசம் எல்லாம் ஏறின. 'என் மகன் இன்னமும் மாதம் இருமுறை பொடி எடுக்கிறான். இந்த அறையை மூடினால் தினமும் எடுப்பான். தயவுசெய்து மூடாதீர்கள்.' புஷ்பவல்லி அரை நாள் லீவு போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, தன் கையாலேயே கையெழுத்திட்டு இலாகா அலுவலகத்தில் நீட்டினாள். அங்கிருந்த அதிகாரி தங்கமான மனுஷன். எழுந்து நாற்காலி கொடுத்தார். முழுதும் படித்துவிட்டு, இப்படி ஒரு தைரியமான தாயைப் பார்த்ததில்லை என்று மலாய் மொழியில் சொன்னார். முத்திரை குத்திப் பிரதியும் கொடுத்தார். திரும்பி வந்து பிரிக்பீல்ட்ஸில் இருவரும் தோசை சாப்பிட்டார்கள். அன்றைக்கு நாகையா ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்கு இலாகா ஆட்கள் இரண்டு பேர் கிள்ளான் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சின்னையா பல் விளக்கிக்கொண்டிருந்தான். மையத்திலிருந்து வந்தவனுக்கு இரண்டு வருடக் கண்காணிப்பு உண்டு, அதில் பொடியைத் தொட்டால் திரும்பவும் உள்ளே போக வேண்டியதுதான். சட்டம் அப்படி. பெற்ற தாயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு அவர்களுக்குத்தான் வேறு வழி என்ன? சிறுநீர்ச் சோதனையும் காட்டிக்கொடுத்துவிட்டது, சம்பளம் வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மறுபடியும் இரண்டு வருடம். அறையைப் பற்றி அந்த மனுவுக்கு எந்தப் பதிலும் வரவில்லை.

சேதி கேட்டு நாகையா கிள்ளானுக்கு ஓடினார். வழியெல்லாம் அவள் திட்டுவாள், துடைப்பத்தைத் தூக்குவாள், தூக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே போனார். புஷ்பவல்லி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான்..."

"நீ நல்லதுக்குத்தான் பண்ண. அது எனக்குத் தெரியாதா?" குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. "பொய் சொல்லச் சொன்ன, சொன்னேன். உண்மையச் சொல்லச் சொன்ன, அதையும் சொன்னேன். அந்த மிஸ் திரும்பக் கேக்க வருவாங்கன்னு சொன்னியே தம்பி, வந்தா நான் என்ன சொல்லணும்? அதையும் இப்பவே சொல்லிட்டுப் போயிரு."