சலவை நோட்டு

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆறு கடைகளை வாடகைக்கு விட்டிருந்த அரிகிருஷ்ணனுக்கு வேறு வேலை கிடையாது. பழைய ரூபாய் நோட்டு சேர்ப்பதுதான் பொழுது. பன்னிரண்டு வருடத்தில் நான்கு ஆல்பங்கள் நிறைந்திருந்தன.

பள்ளிக்கரணை சாலையோரம் மீன் விற்கும் கன்னியம்மாவிடம் ஞாயிறுதோறும் வாங்குவார். ஒரு ஞாயிறு சங்கராவை அரிந்துகொண்டே அவள், தன் வீட்டிலும் ஒரு பழைய நோட்டு இருக்கிறது, வந்து பார்க்கிறாரா என்று கேட்டாள். மகனுடைய படகு இன்ஜின் பழுதாகிக் கிடந்தது. நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம் என்றாள்.

கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் அவள் வீடு. அரிகிருஷ்ணன் ஊரப்பாக்கத்து நோட்டு வியாபாரி வில்பிரட்டையும் அழைத்துப் போனார். மஞ்சள் பைக்குள்ளிருந்து அவள் எடுத்ததை இருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட நூறு ரூபாய். பர்மாவில் மட்டுமே செல்லும் என்று ஆங்கிலத்தில் அதன்மேல் தனியாக அச்சடித்திருந்தது.

கன்னியம்மாவின் மாமனார் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் குண்டு விழுந்த வருடம் மனைவியோடும் மகளோடும் காட்டு வழியாக நடந்தே வந்தார். மகள் பாதி வழியில் பேதியில் போய்விட்டாள். கையில் மிஞ்சிய நூறு ரூபாயை இந்த ஊரில் யாரும் மாற்றித் தரவில்லை. செல்லாத அந்த நோட்டின் வெள்ளைப் பகுதியில் அவர் கோணல் எழுத்தில் பேனாவை அழுத்தி எழுதி வைத்தார்: 'பச்சையம்மா வயசு 4 மாசி'.

வில்பிரட் வருத்தமான குரலில் விளக்கினான். வெறும் வயதை வைத்து நோட்டுக்கு விலை வராது. உலகத்தில் எத்தனை மிச்சம் இருக்கிறது, எவ்வளவு மடிப்பு, எத்தனை குண்டூசி ஓட்டை, கறை உண்டா இல்லையா, இதெல்லாம் பார்ப்பார்கள். பேனாவால் எழுதிவிட்டால் போச்சு. எட்டாயிரம் தரலாம்.

எழுத்தோடேயே அது லட்சத்துக்குக் குறையாது என்று அரிகிருஷ்ணனுக்குத் தெரியும். கன்னியம்மா அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"சரியான விலைதாம்மா" என்றார் அவர்.

"அந்தப் பேரோடவே வச்சிக்குவீங்கல்ல சார்?"

அவர் தலையாட்டினார். வில்பிரட் எட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்து நோட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து வில்பிரட் வரச்சொன்னான். அவனுடைய ஊரப்பாக்கம் ஃப்ளாட்டின் பின்னறையில் ப்ளீச்சிங் நெடி மூக்கைக் குத்தியது. மேசைமேல் பிளாஸ்டிக் தட்டுகள், பஞ்சு, ஒரு இஸ்திரிப்பெட்டி. கண்ணாடி போன்ற உறைக்குள் பளிச்சென்று ஒரு நோட்டு. நாலரை லட்சம், அவருக்கென்றால் நாலு என்றான்.

எண்ணைப் படித்ததும் அது கன்னியம்மாவின் நோட்டு என்று அரிகிருஷ்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். மையில்லை. பேனா அழுத்திய பள்ளம் மட்டும் நகக்கீறல்போலத் தெரிந்தது.

"அந்தப் பேரை என்ன பண்ணீங்க?"

"க்ளீன் பண்ணேன் சார். மூணு தடவை முக்கினேன். அந்தக் காலத்து இங்க், லேசுல போகல." அவன் முகத்தில் பெருமை இருந்தது.

"அந்தம்மா கேட்டப்ப நான் தலையாட்டினேன், வில்பிரட்."

"அதுக்குத்தான சார் போன மாசம் உங்களுக்கு அந்தப் பழைய ஆயிரம் ரூபா நோட்டை பாதி விலைக்குக் குடுத்தேன்."

அரிகிருஷ்ணன் உறையை மேசைமேலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். படியிறங்கி வந்தவர் காருக்குப் பக்கத்திலேயே வாந்தியெடுத்தார்.

அன்றைக்கே, குப்பத்தில் அந்த நோட்டை எழுத்தோடு தான் எடுத்திருந்த போட்டோவையும் நடந்ததையும் நோட்டு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வில்பிரட்டை ஒருவர்கூடத் திட்டவில்லை. இவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறாரே, என்ன சார்ஜ் பண்ணுகிறார் என்று மூன்று பேர் விசாரித்தார்கள். கழுவியது என்று தெரிந்தே ஒருவர் பத்து நாளில் அந்த நோட்டை வாங்கிக்கொண்டார்.

அரிகிருஷ்ணன் அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒரு லட்ச ரூபாயும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போனார். சொல்லி முடிக்கும்வரை கன்னியம்மா மீன் அரிவதை நிறுத்தவில்லை. பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்து, போட்டோவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"அவன் யாவாரி. அப்பிடித்தான் பண்ணுவான். நீ இன்னாத்துக்குச் சரியான வெலன்னு சொன்ன?"

இத்தனை வருடத்தில் அவள் அவரை நீ என்று சொன்னதில்லை. அவர் பணத்தை நீட்டினார்.

"எட்த்துகினு போ சார். உன் கையால வாணாம்."

வீட்டுக்கு வந்ததும் ஆல்பங்களை ஒழித்துவிட வேண்டும் என்று தோன்றியது. வேளச்சேரியில் தெரிந்த ஒருவரைப் போனில் அழைத்து, நாலையும் கொடுத்துவிடுகிறேன் என்றார். அவர் ஆவலோடு கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் விசாரித்தார்: "எதுலயும் எழுத்து கிழுத்து இல்லையே சார்?"

அரிகிருஷ்ணன் போனை வைத்துவிட்டார். ஆல்பங்கள் இன்னும் பீரோவில்தான் கிடக்கின்றன. அந்தப் பீரோவை அவர் திறப்பதில்லை.